சாக்ஸுக்குள்ள ஒரு திமிங்கலம்

போன பிறந்தநாளுக்கு தங்கமணி எனக்கு ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கிக் குடுத்தாங்க. சும்மா சாக்ஸ் இல்லீங்க. கணுக்கால் பக்கம் தொப்பி போட்ட நீலத் திமிங்கலம் ஒண்ணு வாயைப் பொளந்து சிரிச்சிட்டிருக்கும். நாற்பதைத் தாண்டின மனுஷன் போடுற சாக்ஸா இதுன்னு அலமாரிக்குள்ள தூக்கிப் போட்டேன்.

என் பையன் விடலை. "அப்பா, இது நெஜமாவே இருக்கா?"

தேடிப் பாத்தா இருக்கு! ஓக்லஹோமாவுல, பழைய ரூட் 66 ஓரமா, கட்டூசாங்கிற ஊர்ல. டல்லாஸ்ல இருந்து நாலரை மணி நேரம். ஒரு சனிக்கிழமை கிளம்பிட்டோம்.

டல்சா மிருகக்காட்சி சாலையை நிர்வகிச்ச ஹியூ டேவிஸ் கட்டினது அது. அவர் மனைவி ஜெல்டாவுக்கு திமிங்கல பொம்மை சேர்க்கிறதுல ஆசை. மனுஷன் 1970களோட தொடக்கத்துல, கல்யாண நாள் பரிசா, குளத்துல 80 அடி நீளத்துக்கு சிமெண்ட் திமிங்கலமே கட்டிட்டார். இதைப் படிச்சுட்டு தங்கமணி என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க... சாக்ஸையே தூக்கிப் போட்ட ஆளாச்சே நான் :-)

சரி, மேட்டருக்கு வர்றேன்.

இந்த மாதிரி சாக்ஸ் எல்லாம் கோமாளித்தனம்னு சொல்ற கட்சியில நானும் இருந்தேன். இப்ப இல்லை. ஆனா எங்க வாங்குறோம்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு. 1956 சட்டத்துக்கு அப்புறம் பெரிய பெரிய இன்டர்ஸ்டேட் சாலைகள் வந்து, சின்ன ஊர்களை எல்லாம் ஒதுக்கித் தள்ளிட்டுப் போயிடுச்சு. 1985ல ரூட் 66ஐ நெடுஞ்சாலைப் பட்டியல்ல இருந்தே தூக்கிட்டாங்க. இந்தத் திமிங்கலமும் 1988ல மூடிக் கிடந்து, பெயிண்ட் உரிஞ்சு போய், அப்புறம் ஊர்க்காரங்க கைவச்சுதான் மறுபடி நிமிர்ந்துச்சு. அங்க போய் நாம வாங்குற ஒரு காந்த பொம்மை, ஒரு டிசர்ட், அந்த ஊருக்குள்ளயே நிக்கிற காசு. மால்ல வாங்குன சாக்ஸ் காசுல திமிங்கலத்துக்கு ஒரு கோட் பெயிண்டாவது அடிக்க முடியுமா?

இன்னொண்ணு. இதெல்லாம் நாலு பேர் கை படப் படத்தான் உயிரோட இருக்கும். டெக்சாஸ் அமரில்லோவுல 1974ல மூக்கு மண்ணுல, வால் வானத்துலன்னு புதைச்ச பத்து காடிலாக் கார்ல, போறவங்க வர்றவங்க எல்லாம் பெயிண்ட் அடிக்கலாம். கான்சாஸ் காக்கர் சிட்டியில ஃப்ராங்க் ஸ்டோபர்ங்கிற விவசாயி 1953ல சுத்த ஆரம்பிச்ச சணல் உருண்டையை ஊரே இன்னும் சுத்திட்டிருக்கு. நாமளும் போய் சுத்தலாம். சாக்ஸ்ல அது நடக்குமா?

அதனால சாக்ஸ் வாங்குங்க, போடுங்க, தப்பே இல்லை. ஆனா அதை ஒரு அழைப்பிதழா நினைச்சுக்குங்க. பத்திரிகை வந்துட்டா கல்யாணத்துக்குப் போகணுமா இல்லையா?

அடுத்து காக்கர் சிட்டி. சாக்ஸ் தயார். இந்த தடவை வாங்கிக் குடுத்தது நான் :-)