பதிவைத் திருத்தும் உரிமை யாருக்கு?

இலண்டன் மாநகரின் மேற்கே, ஹாம்ப்டன் என்னுமிடத்தில் தேம்ஸ் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு படகுவீடு நிற்கின்றது. அஸ்டோரியா என்பது அதன் பெயர். பிங்க் ஃபிளாய்டு இசைக்குழுவின் கித்தார் கலைஞரான டேவிட் கில்மர் 1986ஆம் ஆண்டில் அதனை வாங்கி, உள்ளே ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றை அமைத்தார். 'எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' என்னும் இசைத்தட்டின் தொடக்கப் பதிவுகள் அப்படகிலேயே உருவாயின. அந்த இசைத்தட்டு பிங்க் ஃபிளாய்டு என்னும் பெயரைத் தாங்கலாமா, கூடாதா என்று எழுந்த வழக்கும் 1987 டிசம்பரில் அதே படகில்தான் முடிவுக்கு வந்தது. குழுவைவிட்டு விலகிய ரோஜர் வாட்டர்ஸும், பெயரை விடாது பற்றிக்கொண்ட கில்மரும் நேருக்கு நேர் அமர்ந்து உடன்படிக்கை செய்துகொண்டனர். பெயர் கில்மருக்கும் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனுக்கும் போயிற்று. 'தி வால்' படைப்பின் மீதான உரிமையும், மேடைக்கு மேலே மிதக்கும் பன்றிப் பொம்மையின் உரிமையும் வாட்டர்ஸுக்குப் போயின.

வழக்குத் தீர்ந்ததேயன்றிப் பூசல் தீரவில்லை. வழக்காடியவர்கள் ஒப்பமிட்டு எழுந்துபோய்விட்டனர். அவர்தம் இரசிகர்களோ இன்றுவரை எழுந்தபாடில்லை. வாட்டர்ஸ் அணி, கில்மர் அணி எனக் கட்சி கட்டிக்கொண்டு, எது உண்மையான பிங்க் ஃபிளாய்டு என்று வாதிடுகின்றனர். 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வெளிவந்த 1973 முதல் 'தி ஃபைனல் கட்' வெளிவந்த 1983 வரை குழுவுக்குச் சொல்லும் பொருளும் தந்தவர் வாட்டர்ஸ். அவர் போனபின் எஞ்சியது வெறுங்கூடு என்பது ஓர் அணியின் வாதம். சொல் எவருடையதாயினும் உலகம் கேட்டு மயங்கியது கில்மரின் கித்தாரையும் ரிச்சர்டு ரைட்டின் கீபோர்டையுமே. 'தி ஃபைனல் கட்' வாட்டர்ஸின் தனியிசைத் தட்டேயன்றி வேறன்று என்பது மற்றோர் அணியின் மறுப்பு. ஒவ்வொரு மறுவெளியீடு வரும்போதும் இவ்வழக்கு மீண்டும் விசாரணைக்கு வருகின்றது. கட்சிக்காரர் மாறுவதில்லை, வாதமும் மாறுவதில்லை.

பெயர் யாருக்கு என்று இவர்கள் அடித்துக்கொண்டிருக்கையில், பதிவு என்ன ஆயிற்று என்பதைப் பார்ப்பார் இல்லை. 2019 டிசம்பரில் 'தி லேட்டர் இயர்ஸ்' என்னும் பெரும்பெட்டி விற்பனைக்கு வந்தது. வாட்டர்ஸ் இல்லாத பிற்காலக் குழுவின் இசையைத் தொகுத்தளிப்பது அதன் நோக்கம். அப்பெட்டியின் முதல் குறுந்தட்டாக வைக்கப்பட்டது 1987ஆம் ஆண்டின் அதே 'மொமென்டரி லாப்ஸ்'. ஆனால் அது 1987இல் கேட்டது அன்று. நிக் மேசன் புதிதாக டிரம்ஸ் வாசித்துப் பதிவு செய்திருந்தார். அக்காலத்து மேடை நிகழ்ச்சிகளில் பதிவான ரைட்டின் கீபோர்டு வாசிப்பு எடுத்துச் சேர்க்கப்பட்டிருந்தது. பிறகு 2021இல் அது தனித்தட்டாகவும் வந்தது. இரசிகர்களிற் பலர் மகிழ்ந்து வரவேற்றனர். எண்பதுகளின் இரைச்சல் நீங்கிப் பழைய பிங்க் ஃபிளாய்டின் மணம் வீசுகின்றது என்றனர்.

அந்த மணத்தைத்தான் ஐயுற வேண்டியிருக்கின்றது.

1987இல் நிகழ்ந்ததை நினைவுகூர்ந்தால் ஐயத்தின் காரணம் விளங்கும். 1985 டிசம்பரில் வாட்டர்ஸ் விலகினார். 1986 அக்டோபரில் உயர்நீதிமன்றத்தை நாடி, குழு வற்றிப்போன ஊற்று, அப்பெயரை இனி எவரும் வழங்கலாகாது என்று வழக்குத் தொடுத்தார். கில்மரும் மேசனும் குழு உயிரோடிருக்கின்றது என்றனர். அங்ஙனம் கூறியவர்கள் அப்போது செய்துகொண்டிருந்தது என்ன? மேசனுக்குக் கை பழகாமற் போயிருந்தது. ஆதலால் ஜிம் கெல்ட்னர், கார்மைன் அப்பீஸ் ஆகிய அமெரிக்க டிரம்ஸ் கலைஞர்களும் இயந்திரத் தாளமும் அவ்விடத்தை நிரப்பினர். 'தி வால்' பதிவின்போது குழுவினின்று வெளியேற்றப்பட்ட ரைட் மீண்டும் வந்தார். வந்தவர் உறுப்பினராக அன்று, கூலி பெறும் கலைஞராக. அவர் பங்கும் மிகச் சிறிதே. கில்மர் ஒருவரே தோளில் சுமந்து கரை சேர்த்த தட்டு அது. வாட்டர்ஸ் அதனைத் திறமையான போலி என்று ஏளனம் செய்ததில் வன்மம் இருந்தது. முழுப் பொய் இருந்தது என்று சொல்வதற்கில்லை.

ஆக, 1987இன் தட்டு ஓர் இசைத்தட்டு மட்டுமன்று. அது ஒரு சான்று. உடைந்த குழு ஒன்று தன்னை உடையாத குழுவாக உலகுக்குக் காட்ட எப்படிப் பாடுபட்டது என்பதற்குச் சான்று. அதன் இயந்திரத் தாளமும், ஊரார் கைகளின் ஒலியும், பளபளப்பான பூச்சும் அச்சான்றின் எழுத்துகள். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து மேசனின் கைகளையும் ரைட்டின் விரல்களையும் அதற்குள் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? மூவர் ஒன்றாக இருந்து இதனைச் செய்தனர் என்று பதிவு பேசத் தொடங்கும். வழக்கில் எது கேள்வியாக நின்றதோ, அதற்கு ஏற்ற விடையைச் சான்றுக்குள்ளேயே எழுதிவிடுவதாகும் அது. வழக்கு முடிந்த பின் ஆவணத்தைத் திருத்துவதற்கு எழுத்துலகில் இடைச்செருகல் என்று பெயருண்டு. இசையுலகம் அதனைப் புதுப்பித்தல் என்று அழைக்கின்றது.

இதற்கு எழும் மறுப்புகளில் சில எடுபடாதவை, ஒன்று எடுபடக்கூடியது.

அட்டையிலேயே மறுகலவை செய்து புதுப்பிக்கப்பட்டது என்று அச்சிட்டிருக்கின்றனரே, பிறகு ஏமாற்று எங்கே என்று கேட்பார் உளர். அச்சிட்டது உண்மை; அந்த அளவுக்கு நேர்மை உண்டு. ஆயினும் தட்டின் பெயர் பழைய பெயரே. ஒலியைச் செம்மை செய்வது காலங்காலமாக நடப்பதுதானே என்பார் இன்னொருவர். செம்மை செய்தல் வேறு, மாற்றி அமைத்தல் வேறு. 2011ஆம் ஆண்டின் மறுவெளியீட்டுத் திட்டத்தில் ஜேம்ஸ் கத்ரி பழைய நாடாக்களைத் துலக்கித் தந்தார். வாசித்தவர் வாசித்தவராகவே இருந்தனர். அத்திட்டத்தில் நகைப்புக்குரியவை வேறு இருந்தன. உயர்விலைப் பெட்டிகளுக்குள் கோலிக்குண்டுகளும் கழுத்துத் துணியும் கோப்பைத் தாங்கிகளும் வைத்து விற்றனர். இசை கேட்பதற்குக் கோலி எதற்கு என்று வாங்கியவர்களே வியந்திருப்பர். எனினும் கோலிக்குண்டு எவருடைய வரலாற்றையும் மாற்றுவதில்லை. 2016இல் வந்த 27 தட்டுகள் அடங்கிய 'தி எர்லி இயர்ஸ்' பெட்டி பாராட்டுக்குரியது. குழுவின் முதல் தலைவர் சிட் பேரட்டின் பாடல்களுள் அரை நூற்றாண்டாக முறைப்படி வெளிவராது கிடந்தவற்றை அது உலகறியச் செய்தது. மறைந்து கிடந்ததை வெளிக்கொணர்வதற்கும், வெளியே இருந்ததை மறைப்பதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

எடுபடக்கூடிய மறுப்பு இதுவே: படைத்தவன் தன் படைப்பைத் திருத்தக் கூடாதா? மேலும், 1987இல் ஓரங்கட்டப்பட்ட ரைட்டுக்கு இது காலங்கடந்து வழங்கிய நீதியல்லவா? கேள்வி நெஞ்சைத் தொடுகின்றது. ஆனால் படைத்தவன் என்பது இங்கு ஒருமையா? கெல்ட்னரும் அப்பீஸும் உழைத்த உழைப்பின் மேல் வேறொருவர் வாசிப்பு ஏறி அமர்வதைப் படைப்புரிமை என்னும் சொல்லால் மூடிவிட முடியுமா? ரைட் 2008 செப்டம்பரில் மறைந்தார். தாம் வாசிக்காத இடத்தில் தம்மை வாசித்தவராக்குவதற்கு அவர் இசைந்திருப்பாரா என்பதை இனி எவரும் கேட்டறிய இயலாது. நீதி வழங்க விரும்புவோர் செய்யத்தக்கது எளிது. 1987இல் அவருக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பதை வெளிப்படையாக எழுதலாம். இடம் தந்ததைப் போலப் பதிவை மாற்றினால், நேர்ந்த அநீதியின் தடயமும் சேர்ந்து அழிகின்றது.

மறைந்தவரின் வாசிப்பை எடுத்தாள்வதே பிழை என்பதன்று வாதம். 2014இல் 'தி எண்ட்லெஸ் ரிவர்' வெளிவந்தது. 'தி டிவிஷன் பெல்' தட்டுக்காக 1993இல் மூவரும் சேர்ந்து வாசித்து எஞ்சிய பதிவுகளினின்று அது உருவானது. ரைட்டுக்கு விடைகொடுக்கும் தட்டு என்று சொல்லியே கொடுத்தனர். தட்டு தூக்கம் தருகின்றது என்று குறைகூறியோர் இருந்தனர். அது சுவை பற்றிய வழக்கு. புதிய பெயரில், உள்ளதை உள்ளபடி சொல்லி வந்தமையால் அதன் நேர்மையில் குறை காண்பதற்கில்லை. மேசனோ 2018இல் தமக்கென ஒரு சிறு குழு அமைத்து, 1973க்கு முந்திய பழம்பாடல்களை மேடைகளில் வாசிக்கலானார். முதுமையில் ஒரு கலைஞன் தன் பழம்பொருளை மதிக்கும் முறை இதுதான்.

இக்குழுவினர் ஒரு காலத்தில் பதிவின் முழுமைக்காக நீதிமன்றம் ஏறியவர்கள் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. தங்கள் தட்டுகளைத் துண்டு துண்டாக்கி, தனிப்பாடல்களாக இணையத்தின் வழி விற்றலாகாது என்று ஈஎம்ஐ நிறுவனத்தை எதிர்த்து வாதிட்டனர். 2010 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தட்டு என்பது தொடக்கமும் முடிவும் உடைய ஒரே படைப்பு என்னும் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்று கலையுலகம் போற்றியது. போற்றிய ஒலி அடங்குமுன், 2011 சனவரியில், அதே நிறுவனத்தோடு புதிய ஒப்பந்தம் செய்து தனிப்பாடல் விற்பனைக்கு இசைந்தனர். கொள்கையின் ஆயுள் பத்து மாதம்.

கில்மர் தரப்பை மட்டும் குற்றம் சொல்லி வாட்டர்ஸ் அணிக்கு மகிழ்ச்சியூட்ட வேண்டிய தேவை இல்லை. 1977இல் வெளிவந்த 'அனிமல்ஸ்' தட்டின் மறுகலவை 2018லேயே முடிந்துவிட்டது. கடைக்கு வந்ததோ 2022 செப்டம்பரில். இடைப்பட்ட காலமெல்லாம் தட்டோடு அச்சிட வேண்டிய உரைக்குறிப்பு பற்றிய சண்டையில் கழிந்தது. எந்தக் கரு யாருடையது என்று கூறும் அக்குறிப்பு வேண்டுமென்று வாட்டர்ஸ் தரப்பும், வேண்டாமென்று கில்மர் தரப்பும் நின்றன. முடிவில் குறிப்பே இல்லாமல் தட்டு வந்தது. குறிப்பைத் தம் இணையதளத்தில் வெளியிட்டு வாட்டர்ஸ் ஆறுதல் தேடிக்கொண்டார். எண்பதை நெருங்கிய முதியவர் இருவர், நாற்பதாண்டுக்கு முன் எவர் எதை முதலில் நினைத்தார் என்று பூசலிட, பணம் கொடுத்து வாங்கும் இரசிகன் நான்காண்டு காத்திருந்தான். அட்டைப்படமும் அப்படியே விடப்படவில்லை. பேட்டர்சி மின்நிலையத்தைப் புதிதாகப் படம்பிடித்துப் போட்டனர்.

இவ்விடத்தில் இரசிகர் கூட்டம் மிகவும் எள்ளி நகையாடிய ஒன்றனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2023 அக்டோபரில் வாட்டர்ஸ் 'டார்க் சைட்' முழுவதையும் தாமே மீண்டும் பதிவு செய்து வெளியிட்டார். புகழ்பெற்ற கித்தார்த் தனிவாசிப்புகளை நீக்கினார். அவ்விடங்களில் முதுமைக் குரலில் பேசினார். ஆணவத்தின் உச்சம் என்று கில்மர் அணி கொதித்தது; வாட்டர்ஸ் அணியிலேயே பலர் முகம் சுளித்தனர். ஆணவம் இருக்கட்டும். அத்தட்டில் இருப்பது அவர் பெயர். தலைப்பிலேயே வேறுபாடு காட்டப்பட்டது. 1973இன் நாடாவில் ஒரு துளி ஒலியும் தொடப்படவில்லை. பிடிக்காதவர் கேளாது விடலாம். பழையது பழையதாகவே இருக்கின்றது. எல்லாரும் ஏசிய செயல் முறையில் நேரியது; எல்லாரும் வாழ்த்திய செயல் முறையில் கோணலானது. கட்சி கட்டிக் கேட்கும் செவிக்கு இது புலப்படாமற் போவதில் வியப்பில்லை.

2024 அக்டோபரில் குழுவின் ஒலிப்பதிவுகளின் உரிமையும், பெயர் உருவங்களின் உரிமையும் சோனி நிறுவனத்துக்குக் கைமாறின. விலை ஏறத்தாழ 40 கோடி அமெரிக்க டாலர் எனச் செய்தியேடுகள் எழுதின. பாடல் இயற்றிய உரிமை விற்கப்படவில்லை. இனித் திருத்துவதற்குக் கலைஞரின் மனவுறுத்தல் காரணமாக இராது. விற்பனைக் கணக்கே காரணமாகும். நாளை கணிப்பொறியின் துணையால் எந்த வாத்தியத்தையும் எந்தப் பதிவினின்றும் உருவி எடுக்கலாம், எங்கும் ஒட்டலாம். ஆகவே இரசிகர் கேட்டுப் பெற வேண்டியவை உள. எந்தப் புதிய வடிவம் வந்தாலும் முதல் வடிவம் அதே பெட்டிக்குள் இருத்தல் வேண்டும். எவர் எந்த ஆண்டில் வாசித்தார் என்பது பாடல்தோறும் அச்சேற வேண்டும். கோலிக்குண்டுக்கு இடம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு இவ்விரண்டுக்கும் இடம் ஒதுக்குதல் அரிதன்று. அணி பிரிந்து கூச்சலிடும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு இதற்குச் செலவானால் நிறுவனம் செவிசாய்க்கும்.

1987இன் அசல் இசைத்தட்டு இன்றும் பழைய தட்டு விற்கும் கடைகளில் கிடைக்கின்றது. அட்டையில் டெவன் கடற்கரை மணலில் வரிசை வரிசையாகப் போடப்பட்ட கட்டில்கள். ஏறத்தாழ 700 கட்டில்களை உண்மையாகவே சுமந்துபோய்ப் போட்டு, மழை பெய்து கெடுத்தமையால் இன்னொரு முறையும் சுமந்து எடுத்த படம் அது, ஒட்டுவேலை அன்று. அட்டையைத் திறந்தால் இருவர் படம் மட்டுமே இருக்கும்: கில்மர், மேசன். கீழே துணைக்கலைஞர் வரிசையில் கெல்ட்னர், அப்பீஸ் ஆகியோர் பெயர்களுக்கிடையே, சிறிய எழுத்தில், ரிச்சர்டு ரைட்டின் பெயர்.