குரல் கம்மலும் ஆறு வாரக் கூலியும்

பலமனேர் தக்காளி மண்டியில் ஏலம் கூறுபவருக்குத் தொண்டை கம்முவது புதிதல்ல. மிளகுக் கஷாயம் போதும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் மூன்று வாரம் தாண்டியும் கம்மல் நீங்காவிட்டால், அதிலும் பீடி பிடிப்பவரானால், தொண்டை டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

குரல் நாணில் தோன்றும் புற்றுநோயில் ஒரு சாதகம் உண்டு. சிறு கட்டியே குரலைக் கெடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே நிணநீர்க் குழாய்கள் குறைவாதலால் சீக்கிரம் பரவுவதுமில்லை. மிக ஆரம்பத்தில் வந்தால் கதிர்வீச்சு சிகிச்சையாலேயே பத்தில் ஒன்பது பேர் வரை குணமடைகிறார்கள். குரலும் பெரும்பாலும் மிஞ்சுகிறது. சிலருக்கு லேசர் அறுவையும் ஏற்றது. முற்றிய பிறகு வந்தாலோ, குரல்வளையையே எடுக்க நேரிடலாம்.

'கரண்ட் வைப்பது' என்று ஊரில் பயப்படுகிறார்களே, அதில் ஷாக் எதுவும் கிடையாது. சில நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவே. தொண்டை வறண்டு, விழுங்கச் சில வாரம் வலிக்கும், பிறகு தணியும். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. வாரம் ஐந்து நாளாக, ஐந்தாறு வாரம் வேலூர் சி.எம்.சி.க்கோ திருப்பதி சுவிம்ஸுக்கோ போகவேண்டும். பலமனேரிலிருந்து தினம் போய்வர முடியுமா? அங்கேயே தங்கினால் அறை வாடகை, கூலியும் போச்சு. பாதியில் நிறுத்திவிடத் தோன்றுவது இதனால்தான். இடையில் நாள் விட்டால் பலன் குறையும் என்பதோ மருத்துவம் கண்ட உண்மை.

ஈ.எஸ்.ஐ.யில் தகுதி பெற்ற தொழிலாளிக்குப் புற்றுநோய்க் காலத்தில் 80 சதவிகிதக் கூலி கிடைக்கிறது. மண்டிக் கூலிக்காரருக்கும் கடைக் கணக்கருக்கும் அந்த வசதி எங்கே? ஆறு வாரம் அவர்கள் இடத்தைக் காத்துவைத்து, பாதிக் கூலியாவது தர மண்டி முதலாளிகள் முன்வரவேண்டும்.