சாம்பல் தீவில் ஒரு பகல்

ஸ்பெயின் நாட்டுக்குரிய லான்சரோட்டே தீவை எண்மர் கொண்ட சிறு குழுவாய் ஒரே பகலில் சுற்றிவந்தோம். திமன்ஃபாயா எரிமலையில் வழிகாட்டி ஒரு தரைக்குழியில் காய்ந்த புதரைத் திணித்தார், நொடியில் தீப்பற்றிற்று. கைதட்டினோம்.

1730 செப்டம்பர் 1ஆம் நாள் இரவு பிளந்த இம்மண், 1736 வரை நெருப்பைக் கக்கியது. ஊர்கள் புதைந்ததைத் தேதியிட்டுக் குறித்து வைத்தவர் யாய்சா பங்குத்தந்தை குர்பெலோ. (ஞானஸ்நானப் பதிவேட்டையே உரிய நாளில் எழுதாதவன் நான்!) 1731 இறுதியோடு குறிப்பு நின்றுவிடுகிறது, மக்களோடு அவரும் கிரான் கனாரியாவுக்குக் கப்பலேறினார். கைதட்டியதற்கு நாணினேன்.

மாலையில் லா ஹேரியா. பின்னாளில் தீவினர் அச்சாம்பலிலேயே குழி தோண்டி, காற்றைத் தடுக்க அரைவட்டக் கற்சுவர் எழுப்பித் திராட்சை நட்டனர். இரவின் ஈரத்தைச் சாம்பல் காத்துக்கொடுக்கிறது. ஒரு குழிக்குள் கைவிட்டுப் பார்த்தேன். அடியில் மண் குளிர்ந்திருந்தது.