குழந்தை தூங்கும்போது

"குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கிடு."

பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் இந்த அறிவுரையிலிருந்து தப்பியதில்லை. எனக்கு மருத்துவர் சொன்னார், செவிலியர் சொன்னார், எதிர்வீட்டு அக்கா சொன்னார். தன் வாழ்நாளில் ஒரு தட்டைக்கூடக் கழுவியிராத என் மாமனாரும் சொன்னார். நல்ல அறிவுரைதான். ஆனால் நானும் தூங்கிவிட்டால் வாளியில் ஊறிக்கொண்டிருக்கும் துணிகளை யார் அலசுவது? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும். ஒரு முறைக்கு அரை மணி என்று வைத்தாலே நான்கிலிருந்து ஆறு மணி நேரம். இதற்குப் பிறகுதான் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது, ஈரத்துணி மாற்றுவது, வெந்நீர் காய்ச்சுவது, தூளியை ஆட்டுவது, அரிசி களைவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம். இந்த வேலைகளில் முலை தேவைப்படுகிற வேலை ஒன்றுகூட இல்லை. "பால் கொடுக்கிறது நீதானே, நான் என்ன பண்ண முடியும்?" என்று கேட்கிற ஆண்களே, பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உங்களால் பண்ண முடியும்.

பண்ணாமலிருப்பதற்கு நம்மூரில் அழகான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் தாய்வீடு. வளைகாப்பு முடிந்ததும் அழைத்துப் போவார்கள். குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திருப்பி அனுப்புவார்கள். பெண்ணுக்குக் கிடைக்கும் சலுகை இது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். எனக்கு ஓய்வு கிடைத்தது உண்மை. அது அம்மாவின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது.

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. காலை ஐந்தரைக்கு எழுந்து எனக்குப் பிரசவ மருந்து கிண்டுவார். பூண்டை உரித்து வதக்குவார். வீட்டில் மற்றவர்களுக்குத் தனிச் சமையல், எனக்குத் தனிப் பத்தியம். பிறகு மணையில் உட்கார்ந்து, தேய்ந்த அந்த இரண்டு கால்களையும் நீட்டி, அவற்றின்மேல் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டுவார். சாம்பிராணி போட்டு முடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். ராத்திரி குழந்தை வீறிட்டால் எனக்கு முன்னால் அவர்தான் விழித்துக்கொள்வார். அப்பா அடுத்த அறையில் தூங்கினார். காலையில் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "ராத்திரி ரொம்ப அழுதானோ?" என்று கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமைதான் உச்சம். மாப்பிள்ளை பிள்ளையைப் பார்க்க வருகிறார். வாரம் முழுக்கக் கண்விழித்தவர் அன்று கோழி வாங்கிக் குழம்பு வைத்து, வறுத்து, பாயசமும் வைப்பார். பிள்ளையின் தகப்பன் வருகிற நாளில் அந்த வீட்டில் வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. வாழையிலை முன் உட்கார்ந்திருந்த என் கணவருக்கு இதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. சத்தியமாக எனக்கும் அன்று தெரியவில்லை.

ஐந்தாம் மாதம் திரும்பினேன். அதற்குள் நான் ஐந்து மாதத் தாய். அவர் இருபது ஞாயிற்றுக்கிழமைகளின் தகப்பன். எந்த அழுகை பசிக்கு, எது வயிற்றுவலிக்கு என்று அவருக்குத் தெரியாது. ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிகள் போட்டுக் காய்ச்சல் அடித்த இரவுகளில் அவர் ஊரிலேயே இல்லை. "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுடறேன்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது உதவி. எனக்கு அது இன்னொரு வேலை: மேஸ்திரி வேலை. தன் வீட்டில், தன் பிள்ளைக்குச் செய்வதற்கு உதவி என்று யார் பெயர் வைத்தார்கள்? நான் யாருக்கு உதவிக்கொண்டிருந்தேன்?

சட்டமும் இந்தத் தாய்வீட்டு நியாயத்தைத்தான் பேசுகிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம். தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. போராடிப் பெற்றது, ஒரு நாளைக்கூட விட்டுத்தர மாட்டேன். ஆனால் தகப்பனுக்கு? மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள். தனியார் நிறுவனத்தில் முதலாளி மனம் வைத்தால் உண்டு. வயலிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பெண்களுக்கே சம்பளத்தோடு விடுப்பு என்ற பேச்சு இல்லாத நாட்டில் இது பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்களுக்கு 289 ஆகக் குறைந்தது. மகிழ்வதற்குள் ஆண்களும் 88க்கு இறங்கிவிட்டார்கள். சலவை இயந்திரமும் மிக்சியும் மிச்சப்படுத்திய நேரத்தில்கூட அவர்களுக்குப் பங்கு வேண்டியிருக்கிறது.

வேலைக்கு ஆள் வைத்துக்கொள் என்பார்கள். நானும் வைத்தேன். என் பிள்ளையின் துணியைத் துவைக்க வந்தவர் தன் ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பத்து வயது மகளிடம் விட்டுவிட்டு வந்தார். என் வீட்டுக் கணக்கை எங்கே கொண்டுபோய்த் தீர்த்தேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிரசவத்துக்கு நான் தாய்வீடு போகவில்லை. உறவுக்காரர்கள் அம்மாவைத்தான் குத்தினார்கள்; பெற்ற பெண்ணை வைத்துப் பார்க்கத் துப்பில்லையா என்று. என் கணவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சம்பளமில்லாமல் ஒரு மாதம் விடுப்பு எடுத்தார். முதல் வாரம் இரண்டு முறை பால் பொங்கி அடுப்பு அணைந்தது. குழந்தையின் கழுத்தைப் பிடிக்கத் தெரியாமல் கை நடுங்கியது. எனக்கும் முதல் பிள்ளையின்போது நடுங்கியதுதான். அப்போது அதை யாரும் காரணமாக ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்றாம் வாரம் அழுகையின் வித்தியாசம் அவருக்குப் பிடிபட்டது.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தார். அவர்தான் சமைத்தார், பிரமாதமாக ஒன்றுமில்லை, ரசமும் முட்டைப் பொரியலும். அம்மா மூன்று முறை அடுப்படிக்குப் போய் எதையாவது எடுக்கப் பார்த்தார். "நீங்க உட்காருங்க அத்தை" என்றார் இவர். அம்மா கூடத்துக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார், கையில் ஈரமே இல்லை.