உடம்பில் எழுதாதீர்கள், கதவில் எழுதுங்கள்

நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்த விண்வெளி விளையாட்டை முதன்முதலாக ஆடிப் பார்த்த இரவு அது. சென்னையில் ஒரு வாடகை அறை. பாய் விரித்து, நடுவில் தாள்களையும் பென்சில்களையும் பரப்பிக்கொண்டு ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். விதிகள் முழுவதையும் தமிழிலேயே எழுதிவிட்டோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. "சரி, எல்லாரும் பகடையை உருட்டுங்க" என்றேன். எல்லோரும் உருட்டினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து வந்த தம்பி மட்டும் கையில் வைத்தபடியே இருந்தான்.

"அண்ணே, அந்தச் சொல்ல மாத்திரலாமா? எங்க ஊர்ல தாத்தாவ யாரும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. 'ஏ பகடை'ன்னுதான் கூப்பிடுவாங்க. சின்னப் பயலுக கூட."

2009ஆம் ஆண்டின் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் வரும் 7 சாதிப் பெயர்களில் பகடையும் ஒன்று. ஒண்டிவீரன் பெயரோடு சேரும்போது அது பட்டம். பண்ணையார் வாயில் அது வசை. இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல, மேடையிலேயே பேசியிருக்கிறேன். ஆனால் விதிகளை எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வராமல் இருக்கும் வசதி எனக்கு இருந்தது, அவனுக்கு இல்லை. அன்றிரவே அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'கட்டை' என்று எழுதினோம். தாயக்கட்டை என்று சொல்லிப் பழகிய ஊர்தானே நம்முடையது.

ஒரு சொல்லை மாற்றியதோடு வேலை முடியவில்லை. எங்களுடைய மற்ற விதிகளையும் சந்தேகத்தோடு படிக்கத் தொடங்கினோம். அப்போது கண்டுகொண்ட ஒன்றைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இந்த விளையாட்டைப் பார்த்திராத தோழர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நான்கைந்து பேர் கூடி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். "கதவு பூட்டியிருக்கிறது, காற்று குறைந்துகொண்டே வருகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரமாக இருந்து பதில் சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் கட்டையை உருட்டிப் பார்ப்பார்கள். திரை வேண்டாம், கணினி வேண்டாம். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகைக்கு வழி திறந்தது. 1977இல் மார்க் மில்லர் உருவாக்கிய டிராவலர் இதை விண்வெளிக்குக் கொண்டுபோனவற்றில் முக்கியமானது.

டிராவலரில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 6 பண்புகள் உண்டு. வலிமை, கைத்திறன், தாங்குதிறன், அறிவு, கல்வி, ஆறாவதாகச் சமூக நிலை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டைகளை உருட்ட வேண்டும். சமூக நிலையில் 11 விழுந்தால் 'சர்' பட்டம். 12 விழுந்தால் பாரன். விண்கப்பல் படையில் அதிகாரி ஆவதற்கான வீச்சில், சமூக நிலை 9 அல்லது அதற்கு மேல் உள்ளவருக்கு ஒரு புள்ளி கூடுதல்.

முதலில் படித்தபோது இதை நேர்மையான விதி என்றே நினைத்தேன். நட்சத்திரங்களுக்குப் போனாலும் பிறப்பு பின்தொடரும் என்று ஒப்புக்கொள்கிறதே! எங்கள் விளையாட்டிலும் அதையே வைத்தோம். 'குடிநிலை' என்று பெயரிட்டு, ஆளுக்கொரு எண் கொடுத்தோம். சாதியைக் காட்டிவிட்டோம் என்று திருப்திப்பட்டுக்கொண்டோம்.

ஆடிப் பார்த்தபோது நடந்தது வேறு. குடிநிலை 3 வைத்திருந்தவர் ஓர் அதிகாரியிடம் பேசப் போனார். கட்டை விழவில்லை. மறுபடி முயன்றார், மறுபடியும் விழவில்லை. மூன்றாவது முறை அவர் வாய் திறக்கும் முன்பே பக்கத்திலிருந்தவர், "நீ சும்மா இரு மச்சான், எனக்கு 10 இருக்கு, நான் பேசிக்கிறேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆட்டத்தில் ஜெயிக்க அதுதான் புத்திசாலித்தனமான வழி. அடுத்த ஒரு மணி நேரம் 3 வைத்திருந்தவர் பேசவே இல்லை. சாதியை விமர்சிக்க நாங்கள் எழுதிய விதி, ஐந்து நண்பர்கள் உட்கார்ந்திருந்த பாயிலேயே சாதியை நடத்திக் காட்டிவிட்டது.

இதைச் சரிசெய்ய நாங்கள் எடுத்த முதல் முயற்சி இன்னும் மோசம். குடிநிலை குறைந்தவருக்கு வலிமையில் 2 புள்ளி கூட்டிக் கொடுத்தோம். எழுதி முடித்துப் படித்தபோதுதான் உறைத்தது. உழைக்கும் மக்களின் உடம்பு உழைப்பதற்கென்றே பிறந்தது என்பது மனு காலத்துப் பொய். அதை நாங்கள் பரிசுப் பொருளாக்கி நீட்டியிருந்தோம்.

டிராவலரின் கட்டைக்கும் சாதிக்கும் இடையில் ஒரு பெரிய வேறுபாடு இருப்பதும் அப்போதுதான் புரிந்தது. கட்டை யாருக்கும் 12 விழும், யாருக்கும் 2 விழும். இரண்டு கட்டையில் 36 வாய்ப்புகள் இருக்கின்றன, அதில் ஒன்று 12. சாதியில் அப்படியா? எப்போதோ யாரோ உருட்டியதாகச் சொல்லப்படும் எண்ணைப் பேரனும் பேத்தியும் சுமக்கிறார்கள். உருட்டியவர்கள் கட்டையை மறைத்துவிட்டு, இது உன் பிறவிக் குணம் என்கிறார்கள். சமத்துவமின்மையை ஓர் ஆளின் பண்பாக எழுதும் ஒவ்வொரு விதியும், எழுதியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அந்த மறைப்புக்கு உதவுகிறது.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில்தான் இடறி விழுகின்றன. 2022இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வரிசையில் வந்த ஸ்பெல்ஜாமர் என்ற விண்வெளி நூலில் ஹடோசி என்றொரு குரங்கு போன்ற இனம் இருந்தது. ஒரு மந்திரவாதி அவர்களைப் பிடித்து, மருந்து கொடுத்து அறிவூட்டி, விற்கத் திட்டமிட்டான் என்பது அவர்களுக்கு எழுதப்பட்ட வரலாறு. கறுப்பின மக்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட பழைய கதைகளின் சாயல் அதில் இருந்ததை ஆடுபவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதிகளை நீக்கியது. 2024இல் வந்த புதிய விதிநூலில் 'இனம்' என்பதைக் குறித்த ஆங்கிலச் சொல்லே மாற்றப்பட்டது. பண்புப் புள்ளிகளும் பிறப்பிலிருந்து பிரிக்கப்பட்டு, ஒருவர் வளர்ந்த பின்னணியோடு சேர்க்கப்பட்டன. சொல்லை மாற்றியதைவிடப் புள்ளிகளை இடம் மாற்றியதே பெரிய மாற்றம் என்பேன்.

அப்படியானால் சாதியை எங்கே எழுதுவது? எழுதாமலே விட்டுவிடலாமா? வேறொரு விளையாட்டு எங்களுக்கு வழி காட்டியது. 1984இல் வந்த பாரனாய்யா. ஒரு கணினி ஆளும் மூடிய நகரத்தில் மக்களுக்கு நிறவாரியாக அனுமதி நிலைகள். உங்கள் நிறத்துக்கு மேலான பகுதிக்குள் கால் வைத்தால் தேசத்துரோகம், மரணதண்டனை. இங்கே ஏற்றத்தாழ்வு ஆளின் உடம்பில் இல்லை, நடைபாதையில் பூசியிருக்கிறது. யாரோ ஒருவர் பூசியது அது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. வைக்கத்தில் 1924இல் போராட்டம் நடந்தது எதற்கு? கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்கு. நடக்கத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை, நடக்கக் கூடாது என்றார்கள். தடை காலில் இல்லை, தெருவில் இருந்தது.

ஆனால் பாரனாய்யா ஒரு கேலி விளையாட்டு. விசுவாசம் காட்டினால் மேல் நிறத்துக்கு ஏறவும் முடியும். சாதியில் அந்த ஏணி கிடையாது. அதனால் நடைபாதையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இப்போது எங்கள் விளையாட்டில் குடிநிலை என்ற பண்பே இல்லை. மூன்று தளங்கள் கொண்ட விண்நிலையம், மூன்றுக்கும் ஒரே காற்று. அந்தக் காற்றை வடிகட்டும் குழாய்களுக்குள் இறங்கிச் சுத்தம் செய்வது அடித்தளத்துக் குடும்பங்களின் வேலை, தலைமுறை தலைமுறையாக. 2013இல் சட்டம் வந்த பிறகும் மலக்குழிக்குள் யார் இறக்கப்படுகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாத்திரங்களின் திறமையில் பிறப்பால் எந்த வேறுபாடும் கிடையாது. வேறுபாடு கதவுகளில் இருக்கிறது. ஒவ்வொரு கதவுக்கும் ஓர் அட்டை பாயின் நடுவில் கிடக்கும். அதில் மூன்று வரிகள்: இந்த விதியை எழுதியவர் யார், இதனால் பயன்பெறுபவர் யார், இதைக் காவல் காப்பவர் யார். தொடக்கத்தில் மூன்றும் வெற்றாக இருக்கும்.

எவ்வளவு திறமைசாலியானாலும் தனியாகக் கட்டை உருட்டி அந்தக் கதவைத் திறக்க முடியாது. ஆடுபவர்கள் அலைந்து, விசாரித்து, சேர்ந்து மூன்று வரிகளையும் நிரப்ப வேண்டும். நிரப்பிய பின் எதிர்த்து நின்று வென்றால், அட்டையைக் கையால் கிழித்துப் போடலாம். 'காவல் காப்பவர்' என்ற வரியில் பெரும்பாலும் நடுத்தளத்துப் பெயர்தான் வந்து விழுகிறது. தனக்கும் மேல்தளத்துக் கதவு திறக்காது என்று தெரிந்தும், தனக்குக் கீழே ஒரு கதவு இருக்கும் ஆறுதலுக்காகக் காவல் நிற்பவர். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் பாடமாகக் கேட்ட இளைஞர்களை நான் அறிவேன். அதைத் தன் கையால் அட்டையில் எழுதியபோது ஒருவர் பேச்சற்று உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன்.

"விளையாட்டிலுமா சாதி? கொஞ்சம் ஜாலியா இருக்க விடுங்க தோழர்" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் எளிது. பிரபுக்களும் பட்டங்களும் ஏற்கெனவே விளையாட்டில் இருக்கின்றன, நீங்கள் கவனிக்கவில்லை, அவ்வளவே.

பதில் எளிதாக இல்லாத கேள்வியும் ஒன்று உண்டு. அதைக் கேட்டதும் அந்தத் தம்பிதான். "பகல் பூரா இதத்தான பாக்குறேன். ராத்திரி வந்தும் நான் குழாய்க்குள்ள இறங்கணுமாண்ணே? என்னக் கப்பல் ஓட்ட விடுங்க."

இதற்கு நான் வாதம் செய்யவில்லை. அவன் சொன்னது சரி. நம்முடைய முற்போக்குக் கதைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்டவருக்கு ஒரே பாத்திரம்தான்: துன்பப்படுபவர். மற்றவர்கள் அதைப் பார்த்து உருகி, திருந்தி, வீட்டுக்குப் போவார்கள். ஒருவருடைய வலி இன்னொருவருக்குப் பயிற்சிப் பட்டறை ஆகக் கூடாது.

அதனால் ஆட்டத்தை நடத்துவதற்கும் விதிகள் வைத்தோம். முதல் நாள் ஆட்டம் கிடையாது, பேச்சு மட்டும். எது வேண்டும், எது வரவே கூடாது என்று எல்லோரும் சொல்ல வேண்டும். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் வடிவமைத்த எக்ஸ் அட்டையும் நடுவில் இருக்கும். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நிற்கும், காரணம் கேட்கக் கூடாது. எந்தத் தளத்து ஆளாக ஆடுவது என்பது அவரவர் விருப்பம். நிஜ வாழ்க்கையில் சொந்தச் சாதி என்ன என்று யாரையும் சொல்ல வைப்பதில்லை. நடத்துபவர் இருக்கை முறை வைத்துச் சுற்றி வரும், ஏனென்றால் அந்த மேசையில் உண்மையான அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. கூடவே இன்னொரு கதையும் எழுதினோம். அட்டைகளெல்லாம் கிழிக்கப்பட்டு 200 ஆண்டுகள் ஆன அதே நிலையம். அங்கிருந்து புதிய கோளைத் தேடிக் கிளம்பும் கப்பல். அதில் அவன்தான் விமானி. நன்றாகவே ஓட்டுகிறான், இரண்டு முறை எரிகல்லில் மோதியது தவிர.

தோழர்களே, இந்த விளையாட்டுக்குச் செலவு அதிகமில்லை. இரண்டு கட்டைகள், சில தாள்கள், சில மணி நேரம் போதும். அறிவியல் புனைகதை என்றாலே ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்கள் விடுதியில், படிப்பு வட்டத்தில், நீங்களே ஓர் உலகத்தை எழுதிப் பாருங்கள். எழுதும்போது ஒவ்வொரு விதியிடமும் ஒன்றைக் கேளுங்கள்: இந்த ஏற்றத்தாழ்வை நான் ஆளின் மேல் எழுதியிருக்கிறேனா, கதவின் மேல் எழுதியிருக்கிறேனா? ஆளின் மேல் எழுதியதை அவர் ஆட்டம் முடியும்வரை சுமக்க வேண்டும். கதவின் மேல் எழுதியதை யாராவது ஒருநாள் கிழித்துவிடலாம்.