மருந்து பெறாத எலியே நீதிபதி

காலின் நரம்பு நசுங்கிய எலிக்கு மருந்து கொடுத்தார்கள். சில வாரங்களில் அது நடந்தது. இப்படி ஒரு செய்தி வந்தால் மருந்தைப் பாராட்டத் தோன்றும். மாணவ நண்பர்களே, சற்றுப் பொறுங்கள்!

எலியை மயக்கி, அதன் தொடையில் ஓடும் சியாட்டிக் நரம்பை இடுக்கியால் நசுக்குகிறார்கள். உள்ளிருக்கும் நரம்பிழைகள் சிதைகின்றன. அவற்றைச் சூழ்ந்த உறைக்குழாய்கள் அறுவதில்லை. அக்குழாய்களின் வழியே இழைகள் தாமாகவே மீண்டும் வளர்கின்றன. மருந்தில்லாமலேயே எலி நடந்துவிடும்! அப்படியானால் மருந்து செய்த வேலை எவ்வளவு?

இதை அறிய ஒப்பீட்டுக் குழு வேண்டும். அதே காயம்பட்ட வேறு எலிகளுக்கு மருந்து கலவாத நீர்மத்தை ஊசியால் செலுத்த வேண்டும். பிறகு எல்லா எலிகளின் பாதங்களிலும் மை தடவி, காகிதத்தின்மேல் நடக்கவிட்டுச் சுவடுகளை அளக்கலாம். எது எந்தக் குழுவின் சுவடு என்பது அளப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவருடைய ஆசையும் அளவில் கலந்துவிடும்.

எலியிடம் வென்ற மருந்து மனிதரிடமும் வெல்லும் என்று உறுதி கூற இயலாது. மனித நரம்பிழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டரே வளரும். தொடையிலிருந்து பாதம்வரை 80 சென்டிமீட்டர் என்றால் 800 நாட்கள்! அதற்குள் தசைகள் மெலிந்துவிடும். எலிக்கோ சில சென்டிமீட்டர் தூரமே.

ஒப்பீடில்லாத சோதனை எலிக்கு வீண் வேதனை. நோயாளிக்கு வீண் நம்பிக்கை. அதை நடத்தாமலிருப்பதே நல்லது என்பேன். ஆகவே, அத்தகைய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் கேளுங்கள்: மருந்து பெறாத எலிகள் என்ன ஆயின?