‘மிகக் கடினமானது’ என்பது ஒரு தகுதியன்று

பல்கலைக்கழக விடுதிகளின் வாட்ஸாப் குழுக்களில் சாகசப் பந்தய அழைப்புகள் இப்போது சாதாரணமாகிவிட்டன. மலையோட்டம், மலைமிதிவண்டி, கயாக், கயிற்றிறக்கம் ஆகியவற்றை ஒரே தொடராகக் கோத்த இப்பந்தயங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மாணவரின் கண் முதலில் விழுவது ‘மிகக் கடினமானது’ என்ற அடைமொழியின் மீது. எது அதிகம் அச்சுறுத்துகிறதோ அதுவே அதிக மதிப்புடையது என்பது ஒரு பொதுப்புத்தியாகவே உறைந்துவிட்டது. இந்தத் தேர்வுமுறை பிழையானது. உயிருக்கு ஊறு விளைவிப்பதும்கூட.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். தமிழில் பெயரடைக்கு உச்சநிலை விகுதி கிடையாது. ‘மிக’ என்பது மிகுதியை உணர்த்துமேயன்றி உச்சத்தை உணர்த்தாது. உச்சத்தைச் சொல்ல விரும்புபவர் ‘இவை எல்லாவற்றிலும் கடினமானது’ என்று, ஒப்பிடப்படும் தொகுதியை வாக்கியத்துக்குள் கொண்டுவந்தாக வேண்டும். இலக்கணம் கேட்கும் இந்தக் குறைந்தபட்ச நேர்மையை விளம்பரம் தவிர்க்கிறது. எவற்றைவிடக் கடினம்? எந்த அளவையால்? யாருக்கு? நீச்சல் அறியாத நெடுந்தொலைவு ஓட்டக்காரருக்கு 20 கிலோமீட்டர் ஆற்றுப் பயணம், 200 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதையைவிடக் கடினம். ஆற்றங்கரையில் துடுப்பு வலித்து வளர்ந்தவருக்கு நேர்மாறு. கடினம் என்பது பாதையின் பண்பன்று; பாதைக்கும் ஆளுக்கும் இடையிலான உறவு. அந்த உறவின் ஒரு முனையை மறைத்துவிட்டு மறுமுனையை மட்டும் விற்பதே விளம்பரத்தின் வேலை.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றான நியூசிலாந்தின் ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ பந்தயம் 1983 முதல் நடைபெறுகிறது. தென்தீவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை 243 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வைமக்காரிரி ஆற்றில் கயாக். அதன் ஏற்பாட்டாளர்கள் தனிப் போட்டியாளரிடம் கேட்பது வீரப் பேச்சையன்று, இரண்டாம் நிலை நீரோட்டத்தில் கயாக்கைக் கையாள முடியும் என்பதற்கான சான்றிதழை. இங்கு வரும் எந்த அழைப்பையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். சட்டையின் அளவைக் கேட்கும் படிவம் ‘நீந்தத் தெரியுமா?’ என்று கேட்கவில்லையென்றால், அந்தப் பந்தயத்தைப் பற்றி அறிய வேண்டியது அவ்வளவுதான்.

இரண்டாவது, அணி. நெடுந்தொலைவுச் சாகசப் பந்தயங்களின் வழக்கமான வடிவம், ஆண் பெண் இருபாலரும் அடங்கிய நால்வர் அணி. ஜிபிஎஸ் உதவி கிடையாது. வரைபடமும் திசைகாட்டியும் மட்டுமே. நால்வரும் ஒன்றாகவே நகர வேண்டும். ஒருவர் விலகினால் அணி தரவரிசையை இழக்கும். தாஷி, நுங்ஷி மாலிக் சகோதரியர் 2019இல் பிஜித் தீவுகளில் 671 கிலோமீட்டர் ‘ஈக்கோ-சாலஞ்ச்’ பந்தயத்துக்கு ஓர் இந்திய அணியை அழைத்துச் சென்றதும் இத்தகைய வடிவத்தில்தான். இவ்விதிகளின் உட்பொருள் தெளிவானது: அணியின் வேகம் அதன் தளர்ந்த காலின் வேகமே. ஆகவே பந்தயத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அளவுகோல், அணியில் மிக வல்லவர் எதைச் செய்ய முடியும் என்பதன்று. எவருக்கு எது வராதோ அதைப் பந்தயம் எவ்வளவு நேரம் கோருகிறது என்பதே.

மூன்றாவது, காலமும் இடமும். 2000இல் மலேசியாவின் சபாவில் நடந்த ஈக்கோ-சாலஞ்ச் முடிந்து வீடு திரும்பியவர்களிடையே எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் பரவியிருந்தது. ஆய்வாளர்கள் தொடர்புகொண்ட 189 போட்டியாளர்களுள் 80 பேருக்கு நோய்க்குறிகள் பொருந்தின. செகாமா ஆற்றில் இறங்கியதே முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் இறங்கப்போகும் எவருக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. லடாக்கிலோ கதை வேறு. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் விமானத்தில் இறங்கி மறுநாளே பந்தயத்தில் ஓட நினைப்பவர், தம் உடலுக்கு அந்த உயரம் பழகுவதற்கான நாட்களைத் தரவில்லை. அந்த நாட்களையும் சேர்த்தே பந்தயத்தின் நீளம் கணக்கிடப்பட வேண்டும்.

‘ஆபத்தே இல்லையென்றால் அது சாகசமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே, ஆனால் அது இரண்டு ஆபத்துகளைக் குழப்புகிறது. அறிந்து ஏற்கும் ஆபத்து ஒன்று. ஏற்பாட்டாளரின் அலட்சியத்தால் தலையில் விழும் ஆபத்து மற்றொன்று. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்று தொடங்கியது. அது பல்துறைப் பந்தயமன்று, ஓட்டம் மட்டுமே. ஓடியவர்கள் 172 பேர். ஆலங்கட்டி மழையும் உறைபனிக் காற்றும் திடீரெனத் தாக்கியதில் 21 பேர் இறந்தனர். காற்றைத் தடுக்கும் மேலாடை கட்டாயக் கருவிப் பட்டியலில் இருக்கவில்லை. வெறும் பரிந்துரையாகவே இருந்தது. ஓட்டக்காரர் சிலரைத் தன் குகைக்குள் சேர்த்துக் காப்பாற்றியவர் ஆடு மேய்க்கும் ஒருவர். பின்னர் நடந்த விசாரணை ஏற்பாட்டாளர்களையும் அதிகாரிகளையும் பொறுப்பாக்கியது. இறந்தவர்களுள் நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் இருந்தனர். எனவே இதைத் திறமைக் குறைவு என்று கடந்துபோக முடியாது. ‘கட்டாயம்’ என்பதற்கும் ‘பரிந்துரை’ என்பதற்கும் இடையில் நிற்பது சொல் வேறுபாடு மட்டுமன்று.

கடைசியாக, எவரும் உரக்கப் பேசாத பணம். நெட் தகுதியில்லாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய். இளநிலை ஆய்வு நல்கை பெறுபவருக்கு 37,000. பந்தயக் கட்டணத்தோடு பயணச்செலவும் மிதிவண்டியும் தலைக்கவசமும் உயிர்காப்பு அங்கியும் சேரும்போது, முதல் வகையினர் கருவிகளை இரவல் வாங்குவர். தம் அளவுக்குப் பொருந்தாத தலைக்கவசமும், பழகாத மிதிவண்டியின் பிரேக்கும் மலையிறக்கத்தில் என்ன செய்யும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. ‘மனவுறுதி இருந்தால் போதும்’ என்னும் வாசகம் இந்த ஏற்றத்தாழ்வை மறைக்கும் திரை. இல்லாத தலைக்கவசத்துக்கு மனவுறுதி ஈடாகாது.

ஆகவே தேர்வு வேறிடத்திலிருந்து தொடங்க வேண்டும். சாகசக் கழகங்களைப் பொறுப்பேற்று நடத்தும் பேராசிரியர்கள், மாணவர் பெயர்களை அனுப்புமுன் ஏற்பாட்டாளரிடம் ஐந்து விடைகளை எழுத்தில் பெற வேண்டும். கட்டாயக் கருவிகள் யாவை, அவற்றைத் தொடக்கக்கோட்டில் சரிபார்ப்பவர் யார்? வாகனம் எட்டாத பகுதி எவ்வளவு நீளம், அங்கு மீட்புக் குழு எங்கே நிற்கும்? வானிலை எந்த எல்லையைத் தாண்டினால் பந்தயம் நிறுத்தப்படும், அந்த முடிவை எடுப்பவர் யார்? கெடு நேரத்தைத் தவறவிட்டவரை வழியிலிருந்து இறக்கிக் கொண்டுவருவது எப்படி? காப்பீடு எதற்கெல்லாம் பொருந்தும்? விடை கிடைக்காத பந்தயத்துக்குக் கல்வி நிறுவனத்தின் பெயர் போகக் கூடாது.

மாணவருக்கான அளவுகோலோ இன்னும் எளியது. விதிநூல் நீளமாகவும் விளம்பரம் சிறிதாகவும் உள்ள பந்தயமே நுழையத்தக்கது. முதல்முறை செல்பவருக்கு வீட்டிலிருந்து ஓரிரவுப் பயணத்தில் எட்டும் ஒருநாள் பந்தயம் போதும். அதில் நடுவழியில் விலகியவர் தோற்றவர் ஆகார். விலகத் தெரிந்தவரே அடுத்த ஆண்டு நீண்ட பாதைக்கு வரத் தகுதி பெற்றவர்.